பெயர் போட வேண்டாம் என்று எழுதியவள்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்கூடத்தின் மை வாசனையோடு நிறுத்தியிருந்தேன். அந்த வாசனையைப் பற்றி இன்னும் எவ்வளவோ எழுதலாம். அப்படி எழுதிக்கொண்டே போனால், எழுத வேண்டிய ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். வாரப் பத்திரிகையில் வேலை பார்த்த அந்த ஆறு வருடங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறேன். இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகிற சாலையில் ஒரு தாமான் குடியிருப்பு. வரிசை வீடுகள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டு எண்ணைக் கடித உறையின் பின்பக்கம் பார்த்து, இரும்புக் கதவை ஆட்டிக் கூப்பிட்டேன்.

ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே யார் என்று கேட்டார். பத்திரிகையின் பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கதவைத் திறந்தார். உள்ளே உட்காரச் சொன்னார். ரோஸ் சிரப் கலந்த தண்ணீரைக் கண்ணாடிக் கிளாஸில் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்றார்.

"நீங்கதான் புஸ்தகத்துல எழுதுறவங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அதுவரை அந்தக் கேள்விக்குப் பெருமையோடுதான் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக 'இல்லை' என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது.

உள் அறையின் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. யாரோ அங்கே நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது என்ன ஆட்டம்?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் பத்திரிகைக்கு இளம் வாசகர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆசிரியருக்கு அது பெரிய கவலை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, பசங்கள் எல்லாம் எங்கே போகிறார்கள் என்று கேட்டார். பக்கங்களை ஒட்டும் வேலை பார்த்த செல்வம் பக்கத்தில் நின்றிருந்தான். "கேம் கடைக்குப் போறாங்க சார்," என்றான். அவனே தினமும் மதியம் போய்க்கொண்டிருந்தவன்தான்.

அந்த வாரமே எனக்கு ஒரு புதிய பக்கம் வந்து சேர்ந்தது. 'இப்போது என்ன ஆட்டம்?' என்று தலைப்பு. வாசகர்கள் எந்த வீடியோ கேம் ஆடுகிறார்கள், அது எப்படி இருக்கிறது, ஏன் பிடித்திருக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுத வேண்டும். நல்ல கடிதங்களை நான் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும்.

எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. செல்வம்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடிக்கு அழைத்துப்போனான். படிக்கட்டிலேயே கிராம்பு சிகரெட் வாசனை. கறுப்புக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே ஒரே சத்தம். பகலிலும் இருட்டு. முகங்கள் நீலமாகவும் பச்சையாகவும் மாறிக்கொண்டிருந்தன. ஏர்கோனிலிருந்து தண்ணீர் சொட்ட, அதற்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். அங்கே நான் ஒருத்திதான் பெண். கல்லாவில் இருந்த சீனர் என்னைப் பார்த்துவிட்டு, மகனைத் தேடி வந்திருக்கிறேனா என்று மலாயில் கேட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

தவளை ஒன்று சாலையைக் கடக்கும் ஆட்டத்தைச் செல்வம் காட்டினான். நான் ஆடினேன். முதல் லோரியிலேயே தவளை அடிபட்டுச் செத்தது. மூன்று தவளைகளையும் ஒரு நிமிடத்துக்குள் கொன்றுவிட்டு வெளியே வந்தேன்.

ஆட்டங்களின் பெயர்களைத் தமிழில் எழுதுவது இன்னொரு தொல்லை. பெயர் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பார் ஆசிரியர். ஆகவே தவளை ஆட்டம், கட்டை அடுக்கு, விண்கல ஆட்டம், தெருச் சண்டை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். ஆட்டத்தில் கிடைக்கும் உயிர்களை எப்படி எழுதுவது என்பதில் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம் நடந்தது. ஒரு மனிதனுக்கு மூன்று உயிர் என்று அச்சில் போடுவது அபசகுனம் என்றார் ஆசிரியர். 'வாய்ப்பு' என்று மாற்றினேன்.

வந்த கடிதங்கள்

பத்துக் கடிதம் வந்தால் பெரிது என்று நினைத்தோம். மூன்றாவது வாரத்திலேயே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வந்தது.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர், மகன் வாங்கிவைத்த கம்ப்யூட்டரில் சதுரங்கம் ஆடுவதாகவும், அது தோற்கும்போது கைகொடுக்கத் தெரியாத பிராணி என்றும் எழுதினார். கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், கடையில் மேசை போன்ற கேம் மெஷின் ஒன்றைப் போட்டதிலிருந்து ஒரே ஒரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், விண்கல ஆட்டத்தைப் பற்றித் தன் கருத்து இதுதான் என்று எழுதியிருந்தார். செல்வம் அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தான்.

அந்தப் பையில்தான் முதன்முதலாக அவளுடைய கடிதம் இருந்தது.

இங்கே அவளை லோகேஸ்வரி என்று சொல்கிறேன். அது அவள் பெயர் அல்ல. கடிதத்தின் கீழே 'மு.லோ., கிள்ளான்' என்று மட்டும் இருந்தது. அந்த எழுத்துகளையும் நான் மாற்றித்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட ஒற்றை ரூல் தாள். சிறிய, நேரான கையெழுத்து. கட்டை அடுக்கு ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாள். என்னிடம் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. "இந்த ஆட்டத்தில் ஜெயிக்கவே முடியாது. மேலேயிருந்து கட்டைகள் வந்துகொண்டே இருக்கும். அடுக்கிய வரிசை மறைந்துவிடும். தப்பாக வைத்தது மட்டும் கண்ணெதிரே நிற்கும். எவ்வளவு நேரம் தோற்காமல் தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான் ஆட்டம். இதைக் கண்டுபிடித்தவர் எங்கேயோ ஃபேக்டரி லைனில் வேலை பார்த்திருக்க வேண்டும்."

இதை ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டு முறை படித்தார். இந்த ஆளை விட்டுவிடாதே என்றார். ஆள் என்றால் ஆண் என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் தவறாமல் வரும். வாசகர்கள் மு.லோ.வுக்குப் பதில் எழுத ஆரம்பித்தார்கள். அம்பாங்கிலிருந்து ஒருவர், விண்கல ஆட்டம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று சண்டை போட்டார். அதில் சுட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர யோசிக்க என்ன இருக்கிறது என்று மு.லோ. கேட்டார். இன்னொரு கடிதத்தில் என்னையும் கண்டித்திருந்தார்: "நான் உயிர் என்று எழுதியதை வாய்ப்பு என்று மாற்றிவிட்டீர்கள். வாய்ப்பு போனால் வருத்தமாக இருக்கும். உயிர் போனால்தான் பயமாக இருக்கும். ஆடுகிறவர்களுக்கு அது உயிர்தான்."

அடுத்த இதழிலிருந்து உயிர் என்றே போட்டேன். ஆசிரியர் கவனித்தும் கவனிக்காதது போல இருந்துவிட்டார்.

குண்டு ஆள்

தெருச் சண்டை ஆட்டம் வந்தது. ஊரே அதன் பின்னால் போனது. எந்தச் சண்டைக்காரனை எடுத்தால் ஜெயிக்கலாம் என்று கடிதம் கடிதமாக வந்தது. மு.லோ.வின் கருத்து என்ன என்று வாசகர்களே கேட்டார்கள்.

அவள் எழுதினாள்: "அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு பெண் இருக்கிறாள். நான் மெஷின் முன்னால் நின்றால் எதிரில் ஆட வருகிறவர்கள் எல்லாரும் நான் அவளைத்தான் எடுப்பேன் என்று நினைக்கிறார்கள். நான் எப்போதும் அந்தக் குண்டு ஆளைத்தான் எடுப்பேன். அவன் நகர்வது மெதுவாகத்தான். ஆனால் நின்ற இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டான்."

அப்படித்தான் மு.லோ. ஒரு பெண் என்பது எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. செல்வத்தைத் தேடிப் போய்க் காட்டினேன்.

மாதத்தின் சிறந்த கடிதத்துக்கு ஒரு பேனா பரிசு கொடுப்போம். அந்த மாதம் அவளுக்குத்தான் என்று முடிவுசெய்து, முகவரி கேட்டு இதழில் இரண்டு வரி போட்டேன். பதில் வந்தது. உறையின் பின்பக்கம் முழுப்பெயரும் வீட்டு முகவரியும். உள்ளே ஒரு சிறு தாள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மின்னணு ஃபேக்டரியில் வேலை செய்வதாகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் கடைக்குப் போய் ஆடுவதாகவும் எழுதியிருந்தாள். கடைசி வரி இது: "பேனா அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம், அக்கா. மு.லோ. போதும்."

நான் செய்தது

குண்டு ஆள் கடிதம் வெளியானதும் எதிர்ப்புக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. அவை எதையும் நான் அச்சில் போடவில்லை. பெண்ணாவது, கேம் கடைக்குப் போவதாவது என்றார்கள். இப்படி ஒரு பெண்ணே கிடையாது, பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதுகிறார்கள் என்றார்கள். விண்கல ஆட்டத்துக்காகச் சண்டை போட்ட அம்பாங் வாசகர், தான் இத்தனை நாள் ஏமாற்றப்பட்டதாக வருத்தப்பட்டு எழுதினார். செல்வம்கூட ஒரு நாள் மெதுவாக, "அக்கா, உண்மையச் சொல்லுங்க. நீங்கதானே எழுதுறீங்க?" என்று கேட்டான்.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் மழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் ஆசிரியை அதைப் படித்துவிட்டு, யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றபடி இன்னொரு கட்டுரை எழுதச் சொன்னார். மூன்று வரிக்கு மேல் வரவில்லை. "பார்த்தீங்களா?" என்று அவர் வகுப்பைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளுக்காக வந்தது என்றுதான் அன்று நினைத்தேன்.

அந்த வாரப் பக்கத்தின் மேலேயே ஒரு கட்டம் கட்டி எழுதினேன். மு.லோ. கற்பனை அல்ல, நம் வீட்டுப் பெண் என்று ஆரம்பித்தேன். முழுப்பெயர், தாமானின் பெயர், வேலை செய்யும் இடம், எந்த நாளில் எந்த ஊர்க் கடையில் ஆடுகிறாள் என்பது வரை எல்லாவற்றையும் போட்டேன். சந்தேகப்பட்டவர்கள் இனியாவது வெட்கப்படட்டும் என்று முடித்தேன்.

யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. ஆசிரியர் அந்த வாரம் ஈப்போவுக்குப் போயிருந்தார். செல்வம் கட்டத்தை ஒட்டும்போது, அந்தப் பெண் சரி என்று சொன்னாளா என்று ஒரு வார்த்தை கேட்டான். அவள் சந்தோஷப்படுவாள் என்றேன். அவள் எழுதிய சிறு தாள் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதை நான் மறந்துவிட்டேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. ஞாபகம் இருந்தது. இவ்வளவு நல்ல விஷயத்துக்கு அது பொருந்தாது என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

எதிர்ப்புக் கடிதங்கள் நின்றன. அவளுடைய கடிதங்களும் நின்றுபோயின.

நான்கு வாரம் காத்திருந்தேன். ஆறு வாரம். பரிசுப் பேனா, பெறுபவர் மறுத்துவிட்டார் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் கிள்ளான் பஸ்கள் புறப்படும் ஸ்டேண்டுக்குப் போய் பஸ் ஏறினேன். கிள்ளானில் முதலில் அந்த கேம் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன். அந்த அமோய், அந்தப் பெண், இப்போது வருவதில்லை, ஒரு நாள் அவளுடைய அண்ணன் வந்து மெஷின்களை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார் என்றாள்.

திரைக்குப் பின்னால் இருந்தவள்

சிரப் தண்ணீரை நான் குடிக்கவில்லை. அம்மா திரும்பி உள்ளே பார்த்து, வாம்மா என்றார். திரை விலகியது.

நான் மனதில் ஒரு பெரிய பெண்ணைக் கற்பனை செய்துவைத்திருந்தேன். வந்தவள் ஒல்லியாக, கொஞ்சம் கூன் விழுந்தாற்போல இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பூப்போட்ட கைலி, வெள்ளைச் சட்டை. என் எதிரில் உட்கார்ந்து, "பஸ்லயா வந்தீங்கக்கா?" என்று கேட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வழியெல்லாம் யோசித்துவைத்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டார்கள், நீ உண்மையானவள் என்று நம்பவைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்றேன்.

அவள், "யாரை நம்ப வைக்கக்கா?" என்று கேட்டாள்.

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வெளியே லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றார். அண்ணன் வந்துட்டாரு என்று லோகேஸ்வரி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அண்ணன் சந்திரன் முப்பது வயது ஆள். துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். அப்பா இறந்த பிறகு குடும்பம் அவர் கையில். நான் யார் என்று அம்மா சொன்னதும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான்தாங்க அந்தப் பக்கத்த மொதல்ல படிப்பேன்," என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் பத்திரிகை வாங்கிவந்து, சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பக்கத்தை வீட்டில் சத்தமாகப் படிப்பாராம். அவருக்கும் கார் ஆட்டம் பிடிக்கும். மு.லோ.வின் கடிதம் வந்தால் இரண்டு முறை படிப்பாராம். யாரோ கிள்ளான் பையன், நம்ம ஊர்க்காரன், மண்டையில் சரக்கு உள்ளவன் என்று அம்மாவிடம் சொல்வாராம். தங்கையிடமும் சொல்வாராம். அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாளாம். குண்டு ஆள் கடிதம் வந்த வாரம் அவர் லோரியோடு ஜொகூர் பக்கம் போயிருந்தார். அதை அவர் படிக்கவில்லை. சில வாரம் கழித்து நான் கட்டம் கட்டிய இதழ் வந்தது. வழக்கம்போலச் சத்தமாகப் படித்தார். மு.லோ. ஒரு பெண் என்று படித்தபோது சிரித்தாராம். பிறகு பெயர் வந்தது.

"பேரைப் படிச்சேன். நிறுத்திட்டேன். இவளப் பார்த்தேன். தட்டுல கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓ.டி., கூடுதல் நேர வேலை என்று சொல்லித்தான் அவள் போயிருக்கிறாள். மறுநாள் சந்திரன் ஃபேக்டரிக்குப் போய் விசாரித்தார். ஏழு மாதமாக ஞாயிறு ஓ.டி.யே கிடையாது என்றார்கள். அவர் அவளை அடிக்கவில்லை. அவளுடைய வேலை அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கடைகளில் எந்த மாதிரி ஆட்கள் வருகிறார்கள், கும்பல் சண்டை எப்படி நடக்கிறது, அங்கே போகும் பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று அவர் எனக்கு விளக்கினார். எதையும் மிகைப்படுத்தவில்லை. நானும் அந்தப் படிக்கட்டில் ஏறியவள்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். தங்கையைப் பார்த்தார்.

"மாட்டேன்," என்றார்.

பிறகு எழுந்து குளிக்கப் போய்விட்டார். அன்று அவர் என்னை விரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெறுக்க ஓர் ஆள் கிடைத்திருப்பார். அவரிடம் கடைசியில் பார்த்தது, நான் இத்தனை மாதம் தேடிக்கொண்டிருந்த ஒரு நல்ல வாசகரை.

பிறகு

பத்திரிகையில் வருத்தம் தெரிவித்து எழுதுகிறேன் என்று லோகேஸ்வரியிடம் சொல்லிப் பார்த்தேன். "மறுபடியும் எம் பேரு வரும்லா," என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேறு வேலை தேடித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். செலாயாங் காய்கறிச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். தெரியாது, நல்லவர் என்று சொல்கிறார்கள் என்றாள்.

கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. வராது என்று தெரியும். பல வருடம் கழித்து செலாயாங் பக்கம் போகும்போதெல்லாம் சந்தைக்குள் நுழைந்து ஒவ்வொரு கடையாகப் பார்ப்பேன். ஒரு முறையும் கண்ணில் படவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

'இப்போது என்ன ஆட்டம்?' இன்னும் நான்கு மாதம் ஓடியது. நான் செய்ததை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டவில்லை. அந்தப் பக்கத்தை செல்வத்திடம் கொடுத்தார். செல்வம் நன்றாகத்தான் செய்தான். ஆனால் கடிதங்கள் குறைந்துகொண்டே போயின. மு.லோ. எங்கே என்று கேட்டு வந்தவைதான் கடைசியில் மிஞ்சின. அம்பாங் வாசகர் மட்டும் மூன்று கடிதம் எழுதினார். பிறகு அந்தப் பக்கத்தில் சமையல் குறிப்பு போட ஆரம்பித்தோம்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வீட்டிலிருந்து கிளம்பியதோடு முடிந்துவிடவில்லை.

பஸ் நிறுத்தத்தில்

மழை மறுபடியும் தூற ஆரம்பித்தது. அக்காவைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று அம்மாதான் குடையைக் கொடுத்து அனுப்பினார். சந்திரன் குளியலறையிலிருந்து வெளியே வருவதற்குள் அதைச் சொன்னார். அம்மா வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தோன்றியது.

இருவரும் ஒரே குடையில் நடந்தோம். சாலையில் வேறொரு ஃபேக்டரியின் பஸ் போனது. ஜன்னல்களில் நீலச் சட்டைப் பெண்கள். அவர்களில் ஒருத்தி கையை ஆட்டினாள். இவளும் ஆட்டினாள்.

நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். குடையை மடக்கித் தண்ணீரை உதறினாள். சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த வாரம் கடிதம் வந்துச்சாக்கா? எல்லாரும் இப்ப என்ன ஆடுறாங்க?"

என் கைப்பையில் அந்த வாரக் கடிதங்கள் இருந்தன. பஸ்ஸில் படித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று எடுத்துவந்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நீங்களே படிங்க என்றாள்.

படித்தேன். ரயில்வே பெரியவர் சதுரங்கத்தில் முதன்முறையாகக் கம்ப்யூட்டரை ஜெயித்திருந்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கையடக்க ஆட்டத்தில் பேட்டரி தீரும்போது கட்டைகள் மெதுவாக விழுவதாக எழுதியிருந்தாள். அம்பாங் வாசகர், விண்கல ஆட்டத்தைப் பற்றித் தன் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளத் தயார் என்றும், மு.லோ. பதில் சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

அவள் ஒவ்வொன்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் கருத்தைச் சொன்னாள். முதலில் ஒரு வரி, இரண்டு வரி. பிறகு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கையை அசைத்து அசைத்துச் சொன்னாள். இடையில் ஒரு முறை சிரித்தாள். கூன் நிமிர்ந்துவிட்டது. கடிதங்களில் எழுதியவள் இவள்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கிள்ளான் பஸ் வந்து நின்றது. நான் எழுந்தேன். "அடுத்த பஸ்ல போங்கக்கா," என்றாள். உட்கார்ந்தேன். அடுத்த பஸ்ஸும் வந்தது. அவள் பாதிப் பேச்சில் இருந்தாள். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார்.

பையில் இருந்த கடைசிக் கடிதம் தீர்ந்தது. அதற்கும் அவள் கருத்துச் சொல்லி முடித்தாள். மூன்றாவது பஸ் தூரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் எழுதிடாதீங்கக்கா," என்றாள்.

எழுத மாட்டேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நம்புவதற்கு நான் அவளுக்கு எந்தக் காரணமும் கொடுத்திருக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று அந்தச் சிமெண்ட் பெஞ்சில் அவள் சொன்னது முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீடியோ கேமைப் பற்றித் தமிழில் யாரும் இதுவரை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதில் ஒரு வரியைக்கூட நான் எங்கேயும் எழுதியதில்லை. இங்கேயும் எழுதவில்லை.